சுழலும் ஒளியும் இளைஞர் பஞ்சரத்தினமும்

மாணிக்கக் குழியிலிருந்து எடுத்த இல்லத்தைத் தண்ணீரிற் கழுவி முடித்தபின், கூடையின் அடியில் எஞ்சிய கற்களுள் ஒன்றைக் கையில் எடுக்கும் அனுபவசாலி முதலிற் செய்வது யாது? கல்லை வானத்துக்கு நேரே பிடித்து மெல்ல மெல்லத் திருப்புவார். ஒரு பக்கத்தாற் பார்க்கையில் ஊதா கலந்த நீலமாய் மனத்தைக் கவர்ந்த கல், மற்றொரு பக்கத்தாற் பார்க்கையில் வெறுந் தண்ணீர்போல வெளிறுமாயின் அவருடைய முகமும் சிறிது வெளிறிவிடும். அது நீலக்கல் அன்று. அயோலைட் என்னும் வேறொரு கல். மேனாட்டு வியாபாரிகள் இதற்கு இட்ட பழைய பெயரும் 'நீர் நீலம்' என்பதே. நிவித்திகலப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வாறு கல்லைத் திருப்பிப் பார்க்கும் காட்சி புதியதன்று. கல்லின் விலையைப் பற்றி வாய் ஓயாது பேசுகின்றோம். ஒரே கல் இரு பக்கத்தாலும் இரு நிறங் காட்டுவது ஏன் என்று கேட்பவர் மட்டும் நம்மிடையே அரியர்.

அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு பெங்களூரில் ஓர் ஆய்வுகூடத்தில் அமர்ந்திருந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர், 1955ஆம் ஆண்டில், ஒளியானது திருகாணி போலச் சுழன்று செல்லும் விந்தையை முன்னையோர் கண்டதினும் ஒரு படி ஆழமாகக் கண்டார். அவர் பெயர் பஞ்சரத்தினம். அப்பொழுது அவருக்கு வயது 21. இக்கட்டுரையை எழுதும் எனக்கும் ஏறத்தாழ அவ்வயதே ஆதலின், அவருடைய வரலாறு என்னைப் பெரிதும் ஈர்த்தது. அவரைப் பற்றிச் சொல்லுமுன், சுழலும் ஒளி என்பது யாது, அதனை முதலிற் கண்டவர் யாவர் என்பவற்றைச் சற்றே விரித்துரைத்தல் வேண்டும்.

ஒளியும் வானொலி அலையும் ஒரே இனத்தன. இரண்டும் மின்காந்த அலைகளே என்று 1865இல் மக்ஸ்வெல் கணிதத்தாற் காட்டினார். 1888இல் ஹேட்ஸ் அத்தகைய அலைகளை ஆய்வுகூடத்திலே பிறப்பித்துக் காட்டினார். அலைநீளத்தில் மாத்திரமே இவற்றிடையே வேறுபாடு. இவ்வலை செல்லும்போது உண்மையில் அசைவது மின்விசையாகும். அது செல்லும் திசைக்குக் குறுக்காகவே அசையும்.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு கயிறு போதும். கயிற்றின் ஒரு நுனியைத் தூணிற் கட்டி மறு நுனியைக் கையிற் பிடித்து மேலும் கீழுமாக உதறினால், கயிறு முழுவதும் ஒரே தளத்தில் நெளியும். இடமும் வலமுமாக உதறினாலும் அப்படியே. இவ்வாறு ஒரே தளத்தில் அசையும் ஒளியைத் தளமுனைவான ஒளி என்பர். இனி, கையை வட்டமாகச் சுழற்றுங்கள். நெளிவு ஒரு திருகுச் சுருள் வடிவாய்த் தூணை நோக்கி ஓடும். ஒளியில் மின்விசை இவ்வாறு, தன் அளவிற் குன்றாமலும் கூடாமலும், சுழன்றுகொண்டே முன்செல்லுமாயின் அது வட்டமுனைவான ஒளி. பச்சை ஒளியில் இச்சுழற்சி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடி கோடி முறை நிகழ்கின்றது.

சங்கில் வலம்புரி, இடம்புரி என இரண்டு உண்டல்லவா? அதுபோல இதிலும் வலஞ்சுழி, இடஞ்சுழி என இரண்டே வகை உண்டு. இதில் ஒரு வேடிக்கை. ஒளியியலார் பலர், தம்மை நோக்கி வரும் ஒளியைப் பார்த்துக்கொண்டு அதன் சுழற்சிக்குப் பெயரிடுகின்றனர். வானொலிப் பொறியியலாளரோ, அலையை அனுப்பிவிட்டு அதன் முதுகைப் பார்த்துப் பெயரிடுகின்றனர். ஆகவே ஒருவருக்கு வலஞ்சுழியாவது மற்றவருக்கு இடஞ்சுழியாகின்றது. இவ்வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

வட்டச் சுழற்சி எவ்வாறு பிறக்கின்றது? ஒரு கல்லை நூலிற் கட்டித் தொங்கவிட்டுக் கிழக்கு மேற்காக ஆட்டுங்கள். அது கிழக்கு எல்லையை அடைந்து ஒரு கணம் நிற்கும்போது வடக்கு நோக்கி அளவாக ஒரு தட்டுத் தட்டினால், கல் இரு திசைகளுக்கும் இணங்கி வட்டமாகச் சுற்றத் தொடங்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சம அசைவுகளில் ஒன்று மற்றதற்குக் கால் பங்கு முந்தியோ பிந்தியோ நின்றால் வட்டம் பிறக்கும் என்பதே இதன் பொருள். ஒளியைப் பொறுத்தமட்டில், மெல்லிய மைக்காத் தகடு ஒன்று இவ்வேலையைச் செய்துவிடும். பளிங்குத் தன்மையுள்ள இத்தகட்டில் இரு செங்குத்து அசைவுகளும் வெவ்வேறு வேகத்திற் செல்வதால், தகட்டின் தடிப்பைச் சரிசெய்து ஒன்றை மற்றதற்குக் கால் அலை பிந்தச் செய்யலாம். இதற்குக் கால் அலைத் தகடு என்று பெயர்.

இவையெல்லாம் ஒரு நாளில் விளங்கிய செய்திகள் அல்ல. டென்மார்க்கு நாட்டுப் பார்த்தலின், ஐஸ்லாந்துப் பளிங்கினூடே பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரிவதை 1669இல் எழுதிவைத்தார். 1808இல் பிரெஞ்சு நாட்டு மாலுஸ் முனைவாக்கத்தைக் கண்டார். 1811இல் அராகோ, தளமுனைவான ஒளி படிகத் தகடு ஒன்றின் அச்சு வழியே செல்லும்போது அதன் தளம் திரும்பிவிடுவதைக் கண்டார். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள படிகம் சோடியத்தின் மஞ்சள் ஒளியை ஏறத்தாழ 21.7 பாகை திருப்பும். சில படிகங்கள் வலப்புறமும் சில இடப்புறமும் திருப்பும். 1815இல் பியோ என்பவர், சர்க்கரைக் கரைசல் போன்ற திரவங்களும் இவ்வாறே செய்வதைக் கண்டார். பாடசாலை ஆய்வுகூடங்களில் சர்க்கரைக் கரைசலை நீண்ட குழாயில் ஊற்றி அளக்கும் முனைவுமானி இதன் வழி வந்ததே.

தளம் ஏன் திரும்பவேண்டும்? இதற்கு விடை கண்டவர் பிரெனெல். வட்டமுனைவாக்கம் என்னும் பெயரையே 1822இல் இட்டவர் அவர். வலமாகச் சுழலும் அலையும் இடமாகச் சுழலும் அலையும் சம அளவிற் சேர்ந்தால், சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, ஒரு தளமுனைவான அலை கிடைக்கும். படிகத்தினுள் இவ்விரண்டும் ஒரே வேகத்திற் செல்வதில்லை. ஒன்று பிந்திவிடுகின்றது. வெளியே வந்து இரண்டும் மீண்டுஞ் சேரும்போது தளம் திரும்பியிருக்கின்றது. இது வெறுங் கற்பனையன்று என்று காட்டுவதற்காக, வலப்படிகமும் இடப்படிகமும் மாறிமாறி ஒட்டிய பட்டகம் ஒன்றைச் செய்து, இரு சுழற்சிகளையும் இரு தனிக்கதிர்களாகப் பிரித்தே காட்டிவிட்டார். ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அமையாது, அதனைக் கண்ணாற் காணும்படி செய்த இத்துணிவு எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்விடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று சொல்லவேண்டும். இரத்தினக்கல் சோதிப்போர், இரண்டு முனைவாக்கித் தகடுகளைக் குறுக்காக வைத்து இடையே கல்லை வைத்துப் பார்க்குங் கருவி ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். கல்லின் அச்சு கண்ணை நோக்கும்படி திருப்பி, மேலே ஒரு சிறு கண்ணாடி உருண்டையைப் பிடித்தால், ஓரச்சுக் கற்கள் பலவற்றில் நிறவளையங்களும் அவற்றை ஊடறுக்கும் கரிய சிலுவை ஒன்றுந் தோன்றும். படிகத்திலே சிலுவையின் கைகள் நடுவுக்கு வருமுன் மறைந்துவிடும். நடுவிலே எருதின் கண்போல ஒரு நிறவட்டம் நிற்கும். இதைக் கண்டால் கல் படிக இனம் என்று துணியலாம். அச்சு வழியே செல்லும் ஒளி இரு சுழற்சிகளாகப் பிரிந்து திரும்புவதே அதன் காரணம். செவ்வந்திக்கல்லும் படிக இனமே. இயற்கையில் விளைந்த செவ்வந்திக்கல்லில் வலமும் இடமும் அடுக்கடுக்காகக் கலந்திருப்பது பெரும்பான்மை. ஆதலால் அவ்வட்டம் குலைந்து தோன்றும். ஆலையில் வளர்த்த கல்லில் இக்கலப்புப் பெரும்பாலும் இராது. ஆகவே பிரெனெல் கண்ட இரண்டு சுழற்சிகள், உண்மைக் கல்லையும் செயற்கைக் கல்லையும் ஆராய்வோருக்கு ஒரு சாட்சியாக நிற்கின்றன.

இனி இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895 முதல், சில மில்லிமீற்றர் முதற் சில சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள மின்னலைகளைக் கொண்டு, ஒளி செய்வனவற்றையெல்லாம் இவையுஞ் செய்யுமா என்று சோதித்து வந்தார். படிகம் ஒளியைத் திருப்புவதற்கு அதன் உள்ளமைப்பின் முறுக்கே காரணமென்றால், கையால் முறுக்கிய பொருள் ஒன்று மின்னலையைத் திருப்பவேண்டுமல்லவா? போஸ் வங்காளத்தில் மலிவாகக் கிடைத்த சணலை எடுத்தார். சணற் கற்றைகளை ஒரு புறமாக முறுக்கி அலையின் பாதையில் வைத்தார். தளம் திரும்பியது. மறுபுறமாக முறுக்கியவற்றை வைத்தார். எதிர்ப்புறம் திரும்பியது. 1898இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் இது வெளிவந்தது. சாக்குக்கு ஆகும் சணலைக் கொண்டு சர்க்கரையின் உள்ளமைப்பை விளக்கிய இப்பரிசோதனைக்கு ஈடான எளிமை வேறெங்கும் அரிது.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர். சி. வி. இராமனுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்ததை யாவரும் அறிவர். அதற்கு அடுத்த ஆண்டில் அவரும் சூரி பகவந்தமும் கல்கத்தாவிற் செய்த வேலையை அறிந்தவர் சிலரே. வாயு முதலியவற்றாற் சிதறிய ஒளியின் முனைவாக்கத்தை நுணுகி அளந்து, ஒளித்துணிக்கை ஒவ்வொன்றும் தனக்கெனக் குறித்த அளவு சுழற்சியை உடையது என்ற முடிவுக்கு வந்தனர். வட்டமுனைவான ஒளி பொருளின்மீது பட்டால் அதனைத் திருக வல்லது என்று இங்கிலாந்துப் பேராசிரியர் பொயின்றிங் 1909இலேயே கூறியிருந்தார். 1936இல் அமெரிக்காவிற் பெத் என்பவர், நுண்ணிய நூலிலே தொங்கவிட்ட படிகத் தகடொன்று சுழலும் ஒளியாற் சிறிதே திருகப்படுவதை அளந்தே காட்டினார். ஒளிக்குத் தள்ளும் வலிமை உண்டென்பது விந்தையாயின், திருகும் வலிமையும் உண்டென்பது அதனினும் விந்தை.

இதற்கிடையில் வானொலித் துறையாரும் சுழற்சியைப் பற்றிக்கொண்டனர். 1946இல் ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்து ஜோன் கிறவுஸ், சுருட்கம்பி ஒன்றை உட்கொண்ட குழாயைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டார். அச்சுருள் வானலை அனுப்புதற்கு உதவுமா என்று பேச்சாளரை வினவ, தாம் முயன்றதாகவும் பயனில்லை என்றும் விடை வந்தது. கிறவுஸ் வீட்டுக்குச் சென்று, ஒரு சுற்றின் சுற்றளவு ஓர் அலைநீளத்துக்குச் சமமாகும்படி கம்பியைச் சுருட்டிச் சோதித்தார். சுருளின் நுனியிலிருந்து வட்டமுனைவான அலை கூரிய கற்றையாக வெளிப்பட்டது. பிற்காலத்தில் விண்வெளிக்குச் சென்ற செய்மதிகள் பலவற்றில் இச்சுருள் இடம்பெற்றது.

செய்மதிக்குச் சுழலும் அலை ஏன் வேண்டும்? தளமுனைவான அலையை வாங்கும் கம்பி அதே தளத்தில் நிற்கவேண்டும். குறுக்கே நின்றால் ஒன்றும் கிடையாது. ஆகாயத்திலே புரளும் செய்மதியின் தளம் எப்போதும் நமக்கு இணங்கி நிற்குமா? அன்றியும், உயர்வானிலுள்ள மின்னேற்றம் பெற்ற படை, பூமியின் காந்தத்தோடு சேர்ந்து அலையின் தளத்தையே திருப்பிவிடும். சுழலும் அலைக்கு இத்தொல்லைகள் இல்லை. நம் கைத்தொலைபேசிகளுக்கு இடங்காட்டும் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வலஞ்சுழி அலைகளையே அனுப்புகின்றன. அவற்றின் முதன்மை அலை செக்கனுக்கு 157 கோடி முறைக்கு மேற் சுழல்கின்றது. அலை சுவரிலோ தரையிலோ பட்டுத் தெறித்தால் சுழற்சி பெரும்பாலும் மறுபுறமாகிவிடும். வலஞ்சுழியை மாத்திரம் ஏற்கும்படி அமைத்த வாங்கி, தெறித்து வந்த பொய் அலையைப் பெரிதும் ஒதுக்கிவிடும்.

மழைக்கும் இவ்வாறே. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரி மாவட்டத்தார்க்கு இது சுவையான செய்தி. ராடர் அலை விமானத்தைத் தேடிச் செல்லும்போது வழியிலுள்ள மழைத்துளிகளும் அதனைத் திருப்பியனுப்பித் திரையை மறைக்கும். சுழலும் அலையை அனுப்பினால், உருண்டையான துளி அதனை எதிர்ச்சுழியாக்கித் திருப்பும். கோணலும் மூலையுமான விமானமோ இரண்டு சுழியும் கலந்து திருப்பும். எதிர்ச்சுழியை வாங்காது விட்டால் மழை மறைந்து விமானம் தோன்றும்.

இப்பொழுது பஞ்சரத்தினத்திடம் வருவோம். அவர் 1934ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். இராமனின் சகோதரியின் மகன். விண்மீன்களை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர், இராமனின் தமையனார் மகன். திரவப் பளிங்குகளை ஆராய்ந்து புகழெய்திய மற்றொரு சந்திரசேகரோ பஞ்சரத்தினத்தின் உடன்பிறந்தவர். இத்தகைய குடும்பத்திற் பிறந்தவருக்கு விஞ்ஞானம் எளிதில் வாய்த்திருக்கும் என்று சொல்வோர் உளர். வாசல் திறந்திருந்தது உண்மையே. ஆயின் உள்ளே சென்று அவர் செய்த வேலை எவரும் இரவலாகக் கொடுத்ததன்று.

19ஆம் வயதளவில் அவர் பெங்களூரில் மாமனாரின் ஆய்வுநிலையத்திற் சேர்ந்தார். முதுமையிலும் இராமனுக்குக் கற்களின்மீது தீராத மோகம். நமது நாட்டுச் சந்திரகாந்தக் கல்லின் ஒளிர்வைப் பற்றி 1950இலே தம் மாணவர் இருவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் அவர். அந்நிலையத்திலே கல் என்பது விலைப்பொருளன்று, வினாப்பொருள். பஞ்சரத்தினம் 1954இல் செவ்வந்திக்கல் திசைக்குத் திசை நிறம் மாறுவதை ஆராய்ந்தார். அதன்பின் கையில் எடுத்தது, நாம் தொடக்கத்திற் கண்ட அயோலைட்.

அயோலைட்டின் இரு நிறத்துக்குக் காரணம் இதுவே: அதனுட் செல்லும் ஒளியில் ஒரு திசையில் அசைவதை அது மிகுதியாக விழுங்கும். வேறொரு திசையில் அசைவதைக் குறைவாக விழுங்கும். ஆகவே பார்க்குந் திசை மாற நிறமும் மாறும். இவ்வளவும் முன்னரே அறிந்தது. ஆயின் இவ்வாறு விழுங்கும் பளிங்கினுள், சில குறித்த திசைகளில் விசித்திரமான ஒன்று நிகழும் என்று ஜெர்மானியப் பேராசிரியர் வோய்க்ட் 1902இற் கூறியிருந்தார். வழக்கமாக எத்திசையிற் சென்றாலும் பளிங்கு ஒளியை இரண்டாகப் பிரிக்கும். அக்குறித்த திசைகளிலோ ஒரே ஒரு வகை ஒளிதான் மாற்றமின்றிச் செல்ல முடியும். அது சுழலும் ஒளி. ஒரு திசையில் வலஞ்சுழி, அதன் அண்டைத் திசையில் இடஞ்சுழி. அங்ஙனமாயின் அவ்வழியே எதிர்ச்சுழியை அனுப்பினால் என்னாகும்? பஞ்சரத்தினம் 1955இல் இதனைக் கணிதத்தாலும் கல்லாலும் ஆராய்ந்து இரு கட்டுரைகளில் எழுதினார். எதிர்ச்சுழி உள்ளே போகப்போகத் தன் சுழற்சியை விட்டு, அத்திசைக்கு உரிய சுழற்சியாகவே மாறிவிடுகின்றது.

அதே ஆண்டில் அவர் மற்றொரு பிணியையும் தீர்த்தார். கால் அலைத் தகடு ஒரு நிறத்துக்கே பொருந்தும். சிவப்புக்குக் கால் அலையாயிருக்கும் தடிப்பு நீலத்துக்கு அவ்வாறு இராது. வெள்ளொளி முழுவதையும் ஒருங்கே சுழலச் செய்வது எப்படி? ஒரே பொருளாலான மூன்று தகடுகளை, கணித்தறிந்த கோணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் என்று காட்டினார். வானியலார் தொலைகாட்டியால் விண்மீன் ஒளியின் முனைவாக்கத்தை அளக்கையில் அவர் பெயராலேயே வழங்கும் இத்தகடுகளைப் பயன்படுத்துகின்றனர்.

1956இல், 22ஆம் வயதில், அவர் வெளியிட்டதே யாவற்றினும் பெரிது. இதற்குப் பிரெஞ்சுக் கணித மேதை புவங்கரே 1892இற் கூறிய கோளத்தை மனத்திற் கொள்ளவேண்டும். ஒளியின் எல்லா முனைவு நிலைகளையும் ஒரு பூகோள உருண்டையின்மீது குறித்துவிடலாம். ஒரு துருவத்தில் வலஞ்சுழி, மறு துருவத்தில் இடஞ்சுழி. நடுக்கோட்டிலே தளமுனைவுகள் அனைத்தும். இடைப்பட்ட இடங்களில் நீள்வட்டமாய்ச் சுழல்வன. ஒளியைத் தகடுகளினூடே செலுத்தி அதன் நிலையை மாற்றுவது இவ்வுருண்டையில் ஊர்விட்டு ஊர் பயணஞ் செய்வது போலாகும்.

பஞ்சரத்தினம் கேட்ட கேள்வி குழந்தையின் கேள்வி போன்றது. ஒரே வகை முனைவான இரண்டு அலைகளின் முடிகள் ஒத்திருக்கின்றனவா என்று சொல்வது எளிது. வெவ்வேறு வகையில் முனைவான இரண்டு அலைகளை ஒத்த அவத்தையின என்று எப்பொழுது சொல்லலாம்? இரண்டையுஞ் சேர்க்கும்போது கிடைக்கும் ஒளி எப்பொழுது மிகப் பிரகாசமாயிருக்கின்றதோ அப்பொழுது என்றார் அவர். நியாயமான விதி. ஆயின் அதிலிருந்து எழுந்த முடிவு வியப்பானது. முதலாம் அலை இரண்டாவதோடு ஒத்து, இரண்டாவது மூன்றாவதோடு ஒத்தாலும், மூன்றாவது முதலாவதோடு ஒத்திராது. ஒளியை உருண்டையின்மீது ஓரிடத்திலிருந்து கிளப்பி, குறுக்கு வழிகளால் முக்கோணமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டு வந்தால், அது பழைய நிலையை அடைந்தும் பழைய அவத்தையை அடைவதில்லை. எவ்வளவு மாறும்? உருண்டையின் பரப்பில் எத்தனையிலொரு பங்கைச் சுற்றி வந்தோமோ, ஓர் அலையில் அத்தனையிலொரு பங்கு மாறும். துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இறங்கி, அதன் கால்வாசி சென்று, மீண்டும் துருவம் ஏறினால் சுற்றியது எட்டிலொரு பங்கு. ஆகவே மாற்றமும் அலையில் எட்டிலொரு பங்கு, அதாவது 45 பாகை. நடந்த தூரத்துக்கோ எடுத்த நேரத்துக்கோ இதிற் பங்கில்லை. சுற்றிய பரப்பு ஒன்றே கணக்கு.

இக்கட்டுரை இராமன் நிறுவிய இந்திய விஞ்ஞான அக்கடமியின் ஏட்டில் வெளிவந்தது. அந்த அக்கடமியும் 1934இல், பஞ்சரத்தினம் பிறந்த ஆண்டிலேயே, தோன்றியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் உலகம் அதனைத் திரும்பிப் பாராது கிடந்தது. இந்திய ஏட்டை மேனாட்டார் படிக்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். அதில் உண்மை உண்டு. எனினும் அதுவே முழுக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவிலும் அதனை எடுத்துப் பேசினோர் மிகச் சிலரே. அக்கேள்வியே வேறெவருக்கும் அப்பொழுது எழவில்லை. கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையை யார் தேடுவர்?

பஞ்சரத்தினம் 1964இல் ஒக்ஸ்போட் சென்று, பேராசிரியர் சீரிஸ் என்பவரோடு சேர்ந்து அணுக்களின்மீது ஒளி புரியும் செயலை ஆராய்ந்தார். வட்டமுனைவான ஒளி தன் சுழற்சியை அணுக்களுக்குக் கொடுத்து அவற்றை ஒரு முகமாக நிற்கச் செய்யும். இம்முறைக்காகவே பிரெஞ்சு நாட்டுக் காஸ்லர் 1966இல் நோபெல் பரிசு பெற்றார். பூமியின் காந்தப்புலத்தை நுணுக்கமாக அளக்கும் கருவிகள் சில இம்முறையால் இயங்குகின்றன. மாமனார் கல்கத்தாவில் அளந்த ஒளித்துணிக்கையின் சுழற்சியே மருமகன் ஒக்ஸ்போட்டில் எடுத்தாண்ட கருவியாயிற்று. ஆயின் 1969ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி, 35ஆம் வயதில், அவர் அங்கேயே காலமானார். இராமன் அப்பொழுது உயிரோடிருந்தார். சீரிஸ் தம் நண்பரின் கட்டுரைகளைத் தொகுத்து 1975இல் நூலாக்கினார்.

1984இல் இங்கிலாந்துப் பிரிஸ்டலில் மைக்கல் பெரி என்னும் பேராசிரியர், அணுவுலகத்தின் எந்த அமைப்பையும் மெல்ல மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது தான் சுற்றிய வழியின் வடிவத்தை அவத்தையிலே நினைவிற் கொண்டிருக்கும் என்று பொதுப்பட நிறுவினார். விஞ்ஞான உலகம் கொண்டாடியது. 1986இல் பெங்களூரிலிருந்து இராமசேஷன், நித்தியானந்தா ஆகிய இருவர், இதன் முன்னோடி 30 ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் ஊரில் அச்சாகியுள்ளது என்று சுட்டிக்காட்டினர். பெரி பழைய ஏட்டைப் படித்தார். மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை. 1987இல் பஞ்சரத்தினத்தின் முடிவைத் தம் முடிவோடு பொருத்தி விளக்கக் கட்டுரையே எழுதினார். 1994இல் எழுதிய மற்றொன்றில், புவங்கரே கோளத்தின் வித்துவான் என்று தலைப்பிலேயே அவரைப் போற்றினார். இறந்த ஒருவருக்கு உரியதைத் தாமே முன்வந்து கொடுத்த இச்செயலையும் நாம் குறித்துக்கொள்ளவேண்டும்.

இன்று அவ்வவத்தை பஞ்சரத்தினம், பெரி ஆகிய இருவர் பெயராலும் வழங்குகின்றது. அதனைக்கொண்டு, வளைவே இல்லாத தட்டையான வில்லைகளைச் செய்கின்றனர். நுண்ணிய அரை அலைத் தகடுகளை இடத்துக்கு இடம் வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைத்தால், சுழலும் ஒளியின் அவத்தை இடத்துக்கு இடம் மாறி ஒளி குவியும். அதே வில்லை வலஞ்சுழியைக் குவித்தால் இடஞ்சுழியை விரிக்கும்.

இவ்வளவு தொலைவு போகாமலும் சுழலும் ஒளியைக் காணலாம். புதுவகைக் கைத்தொலைபேசிகள் பலவற்றின் திரைமேல், வெளியொளி உட்சென்று தெறித்துத் திரும்புவதைத் தடுக்க ஒரு வட்டமுனைவாக்கி ஒட்டப்பட்டுள்ளது. போகும் ஒளி வலஞ்சுழியாயின் தெறித்து வருவது இடஞ்சுழி. அது வெளியேற வழியின்றி நின்றுவிடும். முப்பரிமாணப் படங் காட்டும் சினிமா மண்டபங்கள் பலவற்றில் கொடுக்கும் மூக்குக்கண்ணாடியும் இவ்வகையே. ஒரு கண்ணுக்கு வலஞ்சுழி, மறு கண்ணுக்கு இடஞ்சுழி. தளமுனைவான ஒளியாயின் தலையைச் சாய்த்ததும் இரு படமும் கலந்துவிடும். சுழலும் ஒளிக்குச் சாய்வும் நிமிர்வும் ஒன்றே. கொழும்புக்குச் சென்று அத்தகைய படம் பார்த்துவரும் அன்பர் எவரிடமேனும் அக்கண்ணாடி இருப்பின், அதனை அணிந்து, நிலைக்கண்ணாடியின் முன் நின்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மூடிய கண்ணின் வில்லை தெளிவாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணின் வில்லையே கன்னங்கரேலென்று இருக்கும்.